ஓடாத வண்டியும் சிவப்பு நூலும்

உலகத்தில் இதுவரை வழி தவறிப்போன எல்லோரும் வழியைக் குறித்து வைத்துக்கொண்டவர்கள்தான். குறித்து வைக்காதவன் வழி தவறியதாகச் சரித்திரத்தில் ஒரு சான்றுகூடக் கிடையாது.

இது என் மாமாவின் கூற்று. மாமா என்றால் அக்காவின் வீட்டுக்காரர். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறார் என்பதால் கூற்றுக்குக் கொஞ்சம் கனம் உண்டு. கைபேசியில் வரைபடம் பார்த்து வண்டி ஓட்டுகிறவர்களை அவர் மனிதக் கணக்கில் சேர்ப்பதில்லை. அவரிடம் படித்தவர்களில் சிலர் சோதனைக்குப் போன இடத்திலிருந்து வீடு வந்து சேர ரொம்ப நேரமானது உண்டு. அது தனிக்கதை.

மாமா இதைச் சொன்னது எங்கள் குடியிருப்பின் வாகன நிறுத்தத்தில், அக்காவின் பழைய வேன் முன்னால். எதிரே அக்கா சிவப்பு நூல்கண்டோடு நின்றாள்.

அக்காவுக்குச் சலவைத் தொழில். ஊரிலிருக்கும் சின்னச் சின்ன மருத்துவமனைகளின் படுக்கை விரிப்புகளை வேனில் அள்ளி வந்து, துவைத்து, தேய்த்து, திருப்பிக் கொண்டுபோய்க் கொடுப்பாள். எந்த மூட்டையும் அவள் கையால் நூல் முடிச்சு வாங்காமல் தண்ணீரில் இறங்காது. நிறத்தைப் பார்த்தால் எந்த மருத்துவமனை, முடிச்சை எண்ணினால் எந்த வார்டு. பழக்கம் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. உப்பு ஜாடிக்கு ஒரு முடிச்சு, சர்க்கரை ஜாடிக்கு இரண்டு. என் பல் தேய்க்கும் பிரஷ் கழுத்தில் மஞ்சள் நூல் கட்டியிருக்கும்.

"ஒவ்வொரு புல்லி பக்கத்துலயும் முடிச்சு போட்டுக்கறேன். பெல்ட்டு முதல்ல போறதுக்கு ஒண்ணு, அடுத்ததுக்கு ரெண்டு. அப்புறம் கழட்டலாம்," என்றாள்.

"இது என்ன தலகாணி உறையா? வழி தலைக்குள்ள இருக்கணும்மா. நூல்ல இருக்கக் கூடாது."

விஷயம் இதுதான். இந்த வேனில் என்ஜின் முகப்பிலுள்ள எல்லாப் புல்லிகளையும் ஒரே ஒரு நீளமான ரப்பர் பெல்ட் சுற்றுகிறது. ஒன்றுக்கு மேலே, இன்னொன்றுக்குக் கீழே என்று பாம்பாக நெளிந்து போய், டைனமோவையும் ஸ்டீயரிங்கையும் என்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர் பம்பையும் ஓட்டுகிறது. அந்தப் பெல்ட் வெடித்து, கிழவன் உதடு மாதிரி ஆகியிருந்தது. பெல்ட்டைத் தாங்கும் புல்லிகள் இரண்டைக் கையால் சுற்றினால் உள்ளே மணல் அரைபட்டது. பட்டறையில் காட்டியபோது, "அக்கா, இத வித்துட்டு நிம்மதியா இருங்க" என்றார்கள். அக்கா நேரே போய்ப் புதுப் பெல்ட்டும் இரண்டு புல்லிகளும் வாங்கி வந்துவிட்டாள்.

அதற்குள் குடியிருப்புச் சங்கச் செயலாளர் வேனின் கண்ணாடியில் ஒரு தாளை ஒட்டிவிட்டார். 'ஓடாத வண்டி. அப்புறப்படுத்தப்படும்.' இன்று சாயங்காலம் இழுத்துப் போகிற லாரி வரும் என்று வாய்மொழியாகவும் சொல்லி அனுப்பினார். இழுத்துப் போன வண்டியை மீட்ட கதை எங்கள் குடியிருப்பில் இல்லை. வேன் போனால் விரிப்பு போகும், விரிப்பு போனால் தொழில் போகும்.

அக்கா தாளைக் கிழிக்கவில்லை. "இருக்கட்டும். ஓட்டும்போது அதுவும் கூடவே வரட்டும்," என்றாள்.

நான் கல்லூரியில் பொருளாதாரம் படிக்கிறேன். ஆகவே டார்ச் பிடிக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. பானட்டின் உள்பக்கம், பெல்ட் போகும் வழியைக் கம்பெனிக்காரர்கள் படமாக ஒட்டியிருந்த இடத்தில் இப்போது பசை மட்டும் மிச்சம். கைபேசியில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். மாமா பார்த்த பார்வையில் கைபேசி தானாகவே சட்டைப்பைக்குள் போய்விட்டது.

அந்த நேரம் பார்த்துச் செயலாளர் வந்தார். துவைத்துத் தேய்த்த வெள்ளைச் சட்டை. தேய்த்தது அக்கா இல்லை. அது அவர் கொள்கை.

"ஏம்மா, பொது இடத்துல பட்டறை வைக்கிறீங்களா?"

"இல்ல சார். ஓடாத வண்டின்னு எழுதியிருந்தீங்க. எழுத்துப் பிழை, திருத்திக்கிட்டு இருக்கோம்."

"லாரி கெளம்பிடுச்சும்மா."

"வரட்டும் சார். காலியாத்தான் திரும்பிப் போகும், அதான் பாவமா இருக்கு."

அக்கா செயலாளர் பக்கம் திரும்பியிருந்த அந்தச் சமயத்தில், மாமா அவருக்கு ஒரு பாடம் நடத்த முடிவு செய்தார். பெல்ட்டை இறுக்கிப் பிடித்திருக்கும் டென்ஷனரில் ஸ்பேனரை மாட்டினார். அழுத்தினார். மறுகையால் பெல்ட்டை ஒரே இழுப்பில் உருவி, பிடித்த பாம்பைக் காட்டுகிற மாதிரி தூக்கிக் காட்டினார்.

"பாத்தீங்களா சார்? இவ்வளவுதான் வேலை."

அக்கா திரும்பிப் பார்த்தாள். கையில் நூல்கண்டு. ஒரு முடிச்சுகூட விழவில்லை.

"வழி?" என்றாள்.

மாமா நெற்றியை ஆள்காட்டி விரலால் தட்டிக் காட்டினார்.

பழைய புல்லிகளைக் கழற்றிப் புதியவற்றை மாட்டியது வரை குறை சொல்ல ஒன்றும் இல்லை. அக்கா போல்ட்டை இறுக்கிய வேகத்தில் செயலாளர் ஓர் அடி பின்வாங்கினார். பெல்ட் முறை வந்தபோது மாமா கண்ணை மூடினார். திறந்தார். மேலே, கீழே, இடது, வலது என்று உதடு அசைந்தது. டென்ஷனருக்குக் கிட்டே போனதும் பெல்ட் எட்ட மாட்டேன் என்றது. ஸ்பேனரில் தொங்கி, மூச்சுப் பிடித்து மாட்டினார்.

"ரொம்ப இறுக்கமா இருக்கே மாமா."

"புதுசு மாப்ள. புதுசுன்னா அப்படித்தான்."

அக்கா சாவியைத் திருப்பினாள். வேன் ஒரே திருப்பில் எழுந்தது. பழைய கிரீச் சத்தம் இல்லை. மாமா செயலாளரைப் பார்த்துத் தலையை லேசாகச் சாய்த்தார். லாரியும் வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றது.

"கெளம்பு," என்றார் மாமா.

அக்கா கிளம்பவில்லை. மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சூடு காட்டும் முள் நடுவில் நிற்க வேண்டியது, நின்று யோசிக்காமல் மேலே ஏறிக்கொண்டிருந்தது.

"மீட்டர் பழசு. பொய் சொல்லும்," என்றார் மாமா.

"இந்த வண்டியில பொய் சொல்ற பழசு மீட்டர் இல்லங்க," என்று சொல்லி அணைத்துவிட்டாள்.

செயலாளர் லாரிக்காரரை நோக்கிக் கை அசைத்தார். லாரியிலிருந்து கொக்கி இறங்கும் சத்தம் கேட்டது. பெல்ட் போகும் வழியை நான் கைபேசியில் அவசரமாகத் தேடினேன். புது மாடலுக்கு மட்டும் படம் இருந்தது. மாமா நெற்றியைத் தட்டினார். இந்த முறை அழைப்பு போகவில்லை.

அக்கா தரையில் கிடந்த பழைய பெல்ட்டை எடுத்து, விரிப்பை உதறிப் பார்க்கிற மாதிரி இரண்டு பக்கமும் புரட்டினாள். உள்பக்கம் நீளவாக்கில் பள்ளம் பள்ளமாகக் கோடுகள். முதுகுப் பக்கம் மழமழவென்று தேய்ந்து பளபளத்தது.

"தம்பி, தண்ணி பம்பு புல்லிய அடிச்சுக் காட்டு."

டார்ச் அடித்தேன். விரலால் தடவினாள். "டைனமோவுக்குக் கோடு இருக்கு. ஸ்டீயரிங்குக்குக் கோடு இருக்கு. இதுக்கு இல்ல. கோடு இல்லாத புல்லிக்கு எதுக்குக் கோடு இருக்கற பக்கத்த மாட்டியிருக்கீங்க? இதுல முதுகுதான் ஓடியிருக்கணும். பனியனத் திருப்பிப் போட்ட கதையா இருக்கு."

"ரெண்டு பக்கத்துல எது ஓடினாலும் சுத்தத்தானே செய்யும்?" என்றார் மாமா. ஆனால் குரலில் பழைய வளம் இல்லை.

"சுத்தும். எதிர்த் திசையில சுத்தும். தண்ணி எப்படிப் போகும்? முள்ளு அதான் ஏறுது."

லாரிக்காரர் சங்கிலியோடு நடந்து வந்தார். அக்கா ஸ்பேனரோடு அவருக்கும் வேனுக்கும் நடுவில் நின்றாள். ஸ்பேனரை ஓங்கவில்லை. தோளில் சாய்த்து வைத்திருந்தாள், குடை மாதிரி.

"அண்ணே, ஓடாத வண்டியத்தானே எடுப்பீங்க?"

"அப்படித்தான் சொல்லியிருக்காங்க."

"அப்ப இது ஓடுதா இல்லையான்னு தெரியற வரைக்கும் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க. சார் வாங்கித் தருவாரு."

"நான் எதுக்கு வாங்கித் தரணும்?" என்றார் செயலாளர்.

"கூப்பிட்டது நீங்கதானே சார்? வந்தவரச் சும்மா நிக்க வைக்கலாமா?"

லாரிக்காரர் செயலாளரைப் பார்த்தார். டீ என்ற சொல் காதில் விழுந்தபின் அவர் சங்கிலியைத் தூக்குவதாக இல்லை.

அவர்கள் எதிர்க்கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் பெல்ட் மீண்டும் கழன்று, தண்ணீர் பம்பின் மேல் முதுகைக் காட்டிப் படுத்து, ஒரு முனகலும் இல்லாமல் டென்ஷனரில் ஏறிவிட்டது. அக்கா சாவியைத் திருப்பினாள். முள் நடுவுக்கு வந்து நின்றது. நாங்கள் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். அது அசையவில்லை.

கண்ணாடியில் 'ஓடாத வண்டி' என்ற தாளோடு வேன் புறப்பட்டது. வாசலை மறித்து நின்ற லாரிக்கு எதிரே அக்கா தலையை வெளியே நீட்டினாள்.

"அண்ணே, கொஞ்சம் எடுங்க. ஓடற வண்டிக்கு வழி வேணும்."

லாரியைக் கிளப்பியதும் அதன் என்ஜினுக்குள்ளிருந்து நீளமாக ஒரு கிரீச் கேட்டது.

"பெல்ட்டப் பாத்துக்கங்கண்ணே. உங்களுக்கும் தாள் ஒட்டிடப் போறாங்க," என்று சொல்லிவிட்டு, செயலாளருக்கு ஒரு ஹாரனையும் கொடுத்துவிட்டு, அக்கா மருத்துவமனைகளின் பக்கம் திரும்பினாள்.

எல்லோரும் கலைந்தபின் டார்ச்சை மாமாவின் காரில் திருப்பி வைக்கக் கீழே வந்தேன். பயிற்சிப் பள்ளிக் காரின் பானட் திறந்திருந்தது. அந்தக் காரும் கொஞ்ச நாளாகக் கிரீச்சிடுகிறது. மாணவர்களுக்கு அது உற்சாகம் தரும் என்பது மாமாவின் கருத்து. மாமா உள்ளே குனிந்திருந்தார். பெல்ட் இன்னும் கழற்றப்படவில்லை. வாயில் சிவப்பு நூலின் ஒரு முனை.

என்னைப் பார்த்ததும் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"தூசி தட்டிக்கிட்டு இருக்கேன்," என்றார்.

"சரி மாமா."

நான் டார்ச்சைப் பிடித்தேன். அவர் இரண்டாவது புல்லிக்குப் பக்கத்தில் இரண்டு முடிச்சுப் போட்டார்.