வெந்நீரில் வெந்த காவல்

காயத்ரியின் ஆராய்ச்சி வழிகாட்டி பூவராகவன் சார் சாயங்காலம் ஆய்வுக்கூடத்துக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். வந்தால் ஒரே பேச்சுதான்: ஆராய்ச்சியை மூட்டை கட்டு.

அவள் ஆராய்ந்தது லைம் நோய்க் கிருமியை. உண்ணி கடித்தால் உடம்புக்குள் நுழைகிற சுருள் கிருமி அது. நம் ரத்தத்தில் முதல் காவலாக நிற்கும் புரதங்கள், அந்நியரைக் கண்டால் ஓட்டை போட்டே கொன்றுவிடும். இந்தக் கில்லாடியோ நம் உடம்பின் புரதம் ஒன்றையே பிடித்து மேலே ஒட்டிக்கொள்ளும். கல்யாண வீட்டில் சந்தனம் பூசிக்கொண்டு பந்தியில் உட்கார்ந்தவனை யார் கேட்பார்கள்? அப்படி ஒட்டவைக்கும் கொக்கியைப் பறித்துவிட்டால் கிருமி பிழைக்காது என்பது காயத்ரியின் வாதம். ஆனால் கொக்கி பறித்த கிருமிகளும் அந்தக் காவல் புரதங்கள் நிறைந்த சீரத்தில், அதாவது மனித ரத்தத்தின் தெளிநீரில், ஒவ்வொரு முறையும் குஷியாக நீந்தின. சனியன்கள்!

கடைசி முயற்சியாக, உறைந்த சீரம் இருந்த குழாயை வெதுவெதுப்பான நீரில் இளக வைத்தாள். எடுத்துத் தரலாமென்று கையை விட்ட தோழி ஷாஹீன் அலறிவிட்டாள்.

"யா அல்லாஹ்! இன்னாடி இது, இப்படிக் கொதிக்குது?"

"வெதுவெதுன்னுதானே இருக்குது?"

"உனுக்கு இருக்கும்! சாயக்காரர் வீட்டுப் பொண்ணு. கொதிக்கிற அண்டாவுல பட்டு நூலை முக்கி முக்கி உன் கை மரத்துப்போயிருக்குது."

காயத்ரி தன் கையைத் திருப்பிப் பார்த்தாள். பெரிய காஞ்சிபுரத்தில் அப்பாவோடு சாயம் போட்ட கை அது. ஒவ்வொரு முறையும் அந்தக் கையால்தான் தண்ணீரின் சூட்டைப் பார்த்திருந்தாள். அவசரமாகத் தெர்மாமீட்டரைப் போட்டாள். அறுபது டிகிரி! அந்தச் சூட்டில் காவல் புரதங்கள் உருப்படாமல் போய்விடும். காவலே இல்லாத வீட்டில் கிருமி நீந்தாமல் என்ன செய்யும்?

"ஐயோ, காவலை நானே வேக வெச்சிட்டு கிருமியத் திட்டிக்கினு இருந்தேனே!"

வேறொரு குழாயை உருகும் பனிக்கட்டியில் வைத்து, சூடே படாமல் மெல்ல இளக்கினாள். இரண்டு வகைக் கிருமிகளோடும் கலந்தாள். காத்திருந்த நேரத்தில் இருவருக்கும் இருப்புக் கொள்ளவில்லை.

சார் உள்ளே நுழைந்தபோது அவள் நுண்ணோக்கியில் குனிந்திருந்தாள். கொக்கி உள்ளவை நெளிந்து நெளிந்து நீந்தின. கொக்கி இல்லாதவற்றில் அசைவே இல்லை. ஒன்றுகூட!

"செத்துப்போச்சு சார்! எல்லாம் செத்துப்போச்சு!" என்று குதித்தாள். கண்ணில் தண்ணீர் முட்டியது.

"காயத்ரி, நான் இன்னா சொல்ல வந்தேன்னா..."

"முதல்ல பாருங்க சார்!"

அவர் குனிந்தார். வெகுநேரம் நிமிரவே இல்லை.

"நாளைக்கும் இதே வந்தாத்தாம்மா நம்புவேன்," என்றார் கடைசியில். "காலைல நானும் வர்றேன். நான் வர்றதுக்குள்ள ஆரம்பிச்சிடாத."