ஐம்பத்தைந்து கோடி வயது

1
இந்தக் கதை எனக்குக் கிடைத்த விதத்தைச் சொல்லவே கூசுகிறது. அருமனையில் ஒரு வீட்டு ஸ்தோத்திர ஜெபத்துக்குப் போயிருந்தேன். பின்பக்கக் குழாயடியில் அந்த வீட்டுப் பெண் பிரிஜா அழுதபடி என்னிடம் எல்லாவற்றையும் சொன்னாள். கேட்டதும் எனக்கு முதலில் தோன்றியது, ‘நல்ல கதை’. வெட்கங்கெட்ட புத்தி.

2
முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘நிலாவின் ஒரு துண்டு அவள் உள்ளங்கையில் மினுங்கிக்கொண்டு...’ (அடித்துவிட்டேன். அதை யாரும் வெறுங்கையால் தொடுவதில்லை.)

நேராகவே சொல்கிறேன். நிலாவின் மேலோட்டிலிருந்து உடைந்து பூமியில் விழுந்த கல்லைப் பொடித்துச் சலித்து, அதிலுள்ள சிர்க்கான் என்ற கனிம மணிகளைப் பொறுக்கி, யுரேனியம் எவ்வளவு ஈயமாக மாறியிருக்கிறது என்று அளந்து வயது சொல்வது அவள் வேலை. வடக்கே ஓர் ஆய்வகம். மற்ற மணிகள் நானூற்று முப்பது கோடி ஆண்டு காட்டின. ஒன்று மட்டும் ஐம்பத்தைந்து கோடி. அவ்வளவு பிந்தியும் நிலாவில் பாறை உருகியிருக்கிறது என்று கட்டுரை எழுதினாள். ஊரில் வாழ்த்துத் தட்டி வைத்தார்கள், வீட்டில் நன்றி சொல்ல இந்த ஸ்தோத்திர ஜெபம்.

3
அந்த மணி நிலாவுடையதே அல்ல, மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணல்.*

நிலாக் கல்லைச் சலிப்பதற்கு முந்தின நாள்தான் கூட வேலை செய்பவர்களுக்கு ஊர்ப் பெருமை காட்ட அதே சல்லடையில் அந்த மணலைச் சலித்திருந்தாள். பிறகு உதறினாள், கழுவவில்லை. போன வாரம் மிச்ச மணலை அளந்தபோது அதே ஐம்பத்தைந்து கோடி.

(இங்கே ஒரு சக ஊழியரை உண்டாக்கி, பழியை அவர் தலையில் கட்டிப் பார்த்தேன். பிரிஜா செய்யாத அயோக்கியத்தனம். கிழித்துப் போட்டேன்.)

* அங்கே சிர்க்கானைக் கையால் அள்ளலாம்.

4
அவள் அப்பா ஞானையன் குழாயடிக்கு வந்தார்.

“மக்கா, இங்கயா நிக்கே? சாட்சி சொல்லாண்டாமா? போதகரு காத்திருக்காரு.”

“அப்பா, அந்தக் கல்லுக்க வயசு...”

“அதத்தான் சொல்லணும். அம்பத்தஞ்சு கோடி! நான் எல்லாருட்டயும் சொல்லியாச்சு.”

சாட்சி என்றால், கர்த்தர் செய்த நன்மையைச் சபை முன் எழுந்து சொல்வது. அங்கே அவளால் பொய் சொல்ல முடியாது. அப்பா முகத்தைப் பார்த்தால் உண்மையும் வராது.

5
மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில் சொல்கிறாள். ஒன்றில் பாட்டுப் பாடி உட்கார்ந்துவிடுகிறாள். மூன்றாவதில் அப்பாவே...

இல்லை. நடந்தது இதுதான். அவள் எழுந்தாள். கூட்டத்தில் விஷயம் தெரிந்த ஒரே ஆளான என்னைப் பார்த்தாள். நான் போன் வந்ததுபோல் காதில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

அவள் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. இன்றுவரை கேட்கவும் துணியவில்லை. என் நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது. நீங்கள் வந்து உட்காருங்கள். அவள் பேசப்போகிறாள்.