வெள்ளத்தில் தையல் மெஷின்

பல் டாக்டர் கறுப்பு வெள்ளைப் புகைப்படங்களாகச் சேர்ப்பவர். வேலைநிறுத்தம், சுரங்கம், ரயில் விபத்து என்று நடந்ததை நடந்தபடி எடுத்த படங்கள். கிளினிக் சுவர் முழுக்க அவைதான். வலியோடு வருகிறவர்கள் முதலில் அவற்றைப் பார்த்துத்தான் பயப்படுவார்கள் என்று மனைவி கிண்டல் செய்வாள்.

ஒரு படம் மட்டும் அவர் கைக்குச் சிக்கவில்லை. கழுத்தளவு வெள்ளத்தில், தலையில் தையல் மெஷினோடு ஒரு பெண். எடுத்தவர் இறந்துவிட்டார். அவர் மனைவியிடம் டாக்டர் எத்தனையோ முறை நடந்து பார்த்தார். அந்த அம்மா மசியவே இல்லை.

அந்தப் படம் இப்போது மச்சினன் வீட்டுக் கூடத்தில் தொங்கியது. டைல்ஸ் கடைக்காரன். படம் சேர்க்க ஆரம்பித்தே ஒரு வருஷம் ஆகவில்லை.

மனைவியோடு அங்கே விருந்துக்குப் போன டாக்டருக்குச் சோறு இறங்கவில்லை.

"எப்படிடா குடுத்தாங்க?"

"அவங்க வீட்டுக்கு டைல்ஸ் போடப் போனேன் அத்தான். அந்தப் பொம்பளை கரை சேர்ந்தாளான்னு கேட்டேன். அழுதுட்டாங்க. சேர்ந்துட்டாளாம். கிளம்பும்போது நீயே வெச்சுக்கோன்னு குடுத்தாங்க."

தான் ஒருநாளும் அதைக் கேட்டதில்லை என்பது டாக்டருக்கு உறைத்தது. கேட்டதெல்லாம் கையெழுத்து உண்டா, எந்த வருஷத்துப் பிரதி என்பதுதான்.

"இது அவர் போட்ட பிரிண்ட் இல்ல," என்றார். "பின்னாடி யாரோ போட்ட காப்பி."

மனைவி தட்டிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"இருக்கட்டும் அத்தான். படம் அதே படம்தானே?"

"அப்போ எனக்குக் குடுத்துடு," என்று வாய் முந்திக்கொண்டது.

"காப்பி உங்களுக்கு எதுக்கு?" என்று கேட்டாள் மனைவி. மச்சினன் அவசரமாக அவருக்கு மோர் ஊற்றினான்.

மறுநாள் காலை டாக்டர் மச்சினனுக்குப் போன் செய்தார்.

"நேத்து சொன்னது பொய்டா. அது ஒரிஜினல்தான்."

"தெரியும் அத்தான். பின்பக்கம் அவர் கையெழுத்து இருக்கு."

"அப்புறம் ஏன்டா வாயைத் திறக்கல?"

"அக்கா பக்கத்துல இருந்தாளே. விடுங்க."

போனை வைத்தார். படத்தின் மேல் இருந்த பொறாமை அப்படியே இருந்தது. இப்போது அவன் குணத்தின் மேலும் வந்து ஒட்டிக்கொண்டது. வெளியே முதல் நோயாளி கன்னத்தைப் பிடித்தபடி காத்திருந்தார்.