இரண்டாம், நான்காம் சனிக்கிழமை

அந்த வீட்டில் மூன்று பேர் இருந்தார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் இரண்டு பேர் ஆனார்கள். போனவர் லிஃப்ட்டு. சண்டை இல்லை, சத்தம் இல்லை, ஒரு தட்டுகூட உடையவில்லை. இரண்டு பைகளையும் கருவிப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு, ஆறு வருஷத்துக்கு முன்னால் தான் பழுது பார்க்க வந்த அதே லிஃப்ட்டில் இறங்கிப் போய்விட்டார். பதினோரு வயதுப் பெண் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சோபா மாற்றியபோதுகூட எந்த நிறம் பிடிக்கும் என்று கேட்டிருந்தார்கள்.

லிஃப்ட்டு என்பது அவள் வைத்த பெயர். பெற்ற அப்பா அவளுக்கு இரண்டு வயதாக இருக்கும்போதே நீதிமன்றத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வேறு குடும்பம் பார்த்துக்கொண்டு போய்விட்டார். ஐந்து வயதில் இந்த மனிதர் வந்து சேர்ந்தார். "மாமான்னு கூப்பிடும்மா" என்றாள் அம்மா. பிள்ளைக்கு வாய் வரவில்லை. அப்பா என்று கூப்பிடச் சொல்ல அம்மாவுக்கே மனசு வரவில்லை. கடைசியில் அவர் பார்க்கிற வேலையையே பெயராக்கி, "லிஃப்ட்டு" என்று கூப்பிட்டாள். அவரும் "ம், சொல்லு" என்று திரும்பினார். விவகாரம் அதோடு முடிந்தது. அவரை நீ, வா, போ என்றுதான் பேசுவாள். அவர் அவளை மேனேஜர் என்பார்.

மேனேஜர் பட்டம் சும்மா வந்ததில்லை. அம்மாவுக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை, சனிக்கிழமை விடுமுறை கிடையாது. பிள்ளையைத் தனியாக விடக்கூடாது என்று லிஃப்ட்டு தன்னோடு கூட்டிப்போவார். வாரத்துக்கு ஒரு அடுக்குமாடிக் கட்டடம். மெயினை அணைத்துவிட்டு, கூண்டின் தலைமேல் ஏறி நின்று கம்பிவடத்தைத் தடவிப் பார்ப்பார், கதவுகளுக்கு எண்ணெய் போடுவார். அவள் தரைத்தளத்தில் 'பழுது பார்க்கப்படுகிறது' என்ற பலகைக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பாள். மாடிக்குப் போக வருகிறவர்கள் எல்லாம் அவளிடம்தான் எரிந்து விழுவார்கள்.

"எப்பம்மா சரியாகும்?"

"இன்னும் இருபது நிமிஷம் சார்."

"அரை மணிக்கு முன்னாடியும் இதையேதானே சொன்னே?"

"அது அந்த இருபது நிமிஷம் சார். இது வேற."

மேலே இருட்டுக்குள்ளிருந்து லிஃப்ட்டு சிரிப்பது கேட்கும். மத்தியானம் படிக்கட்டில் உட்கார்ந்து ஒரே டப்பாவில் இரண்டு பேரும் சாப்பிடுவார்கள். அவளுக்கு வாரத்தில் ஏழு நாள் இருந்தது என்று பேர்தான். சனிக்கிழமைக்காகத்தான் மற்ற ஆறையும் பொறுத்துக்கொண்டாள்.

அவர் போன மூன்றாம் நாள் அம்மாவிடம் கேட்டாள். அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"சனிக்கிழமை லிஃப்ட்டு வருவாரா?"

"எதுக்கு வரணும்?"

"என் க்ளாஸ்ல ரெண்டு பேர் வீட்ல அப்பா அம்மா பிரிஞ்சாச்சு. அவங்களுக்கெல்லாம் சனிக்கிழமை இருக்கு. எனக்கு மட்டும் ஏன் இல்லை?"

"அது பெத்த அப்பாவுக்குக் குடுக்கறது. இவர் உனக்கு என்ன வேணும், சொல்லு?"

அவள் யோசித்துப் பார்த்தாள். சொல் கிடைக்கவில்லை.

"பாத்தியா. சட்டப்படியும் ஒண்ணுமில்ல, ரத்தப்படியும் ஒண்ணுமில்ல" என்றாள் அம்மா. நாளெல்லாம் ஊரார் ரத்தத்தைக் குழாயில் ஊற்றிக் குலுக்கிப் பார்க்கிறவள். அதில் பாசம் மிதந்து வந்து ஒரு நாளாவது பார்த்திருப்பாளா? கேட்டால் முதுகில் ஒன்று விழும் என்பதால் மகள் கேட்கவில்லை.

"அவர்மேல என்ன கோவம்?" என்று மட்டும் கேட்டாள்.

அம்மா மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தாள். "கோவமே வராத மனுஷன்மேல எப்படிக் கோவப்படறது? ஆறு வருஷத்துல ஒரு தடவை, கல்யாணம் பண்ணிக்கலாமான்னு கேட்டிருப்பாரா? நானே வாய்விட்டுக் கேட்டா, இப்படியே நல்லாத்தானே இருக்கோம்பார். சரி, போயிடுங்கன்னேன். ஏன்னுகூடக் கேக்கல. பெட்டியைத் தூக்கிட்டார். இனிமே அவருக்கு போன் பண்ற வேலையெல்லாம் வெச்சுக்காதே. விட்டது விட்டதா இருக்கட்டும்."

அம்மாவுக்கு விட்டது. இவளுக்கு எங்கே விட்டது? முதல் சனிக்கிழமை பக்கத்து வீட்டில் உட்கார்த்தி வைத்தார்கள். அங்கே ஒரு கைக்குழந்தை நாள் முழுக்க அழுதது. இவளும் சேர்ந்து அழுதிருப்பாள், வயசு தடுத்தது.

பள்ளிக்கூடத்தில் ஏதோ சான்றிதழ் நகல் கேட்டார்கள். அம்மாவின் நீலக் கோப்பில் அதைத் தேடும்போது நீதிமன்றக் காகிதம் கையில் அகப்பட்டது. கல் கல்லாக வார்த்தைகள். விரலை வைத்து எழுத்துக்கூட்டாத குறையாகப் படித்தாள். குழந்தைக்குப் பதினெட்டு வயது நிறையும் வரை, ஒவ்வொரு மாதமும் இரண்டாம் மற்றும் நான்காம் சனிக்கிழமைகளில், காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை, தந்தை குழந்தையை உடன் அழைத்துச் செல்லலாம். தாய் தடுக்கக் கூடாது. கீழே அப்பாவின் கையெழுத்து, கைபேசி எண்.

சனிக்கிழமைகள் இருந்திருக்கின்றன! ஒன்பது வருஷமாக யாரும் தொடாமல் கோப்பில் கிடந்திருக்கின்றன. வேண்டாதவரிடம் இருக்கிறது, வேண்டியவரிடம் இல்லை. அப்படியானால் இவரிடம் வாங்கி அவரிடம் கொடுத்தால் ஆயிற்று. பெரியவர்களுக்குத் தோன்றியிருந்தால் ஆயிரம் யோசனை பண்ணியிருப்பார்கள். அவள் அம்மா குளிக்கிற நேரம் பார்த்து போனை எடுத்தாள்.

"யாரு?"

"நான்தான். உங்க பொண்ணு."

"என்னம்மா, ஸ்கூல்ல இருந்து..." என்று ஆரம்பித்தவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார். அவருக்கு அங்கே இன்னொரு பெண் இருந்தாள். அதுவரை அவருக்குப் பெண் என்றால் அந்தப் பெண்தான்.

அவள் மனப்பாடம் பண்ணி வைத்ததை மூச்சு விடாமல் சொன்னாள். "நீங்க சனிக்கிழமை என்னைக் கூட்டிட்டுப் போகலாமாம். அம்மா தடுக்க முடியாதாம். நீங்க என்கூட இருக்கக்கூட வேண்டாம். ஒன்பது மணிக்குக் கூட்டிட்டுப் போய் ஒரு இடத்துல விட்டுட்டு, அஞ்சு மணிக்கு வந்தா போதும். நடுவுல நீங்க உங்க வேலையைப் பாத்துக்கலாம்."

எந்த இடம் என்று கேட்டார். எந்தச் சனிக்கிழமைக்கு எந்தக் கட்டடம் என்பது மேனேஜருக்கு அத்துப்படி. சொன்னாள். செலவில்லாமல் நல்ல பேர் கிடைக்கிற காரியம் என்று நினைத்தாரோ, ஒன்பது வருஷம் உறுத்தியதோ, யார் கண்டது? சரி என்றுவிட்டார்.

இரண்டாம் சனிக்கிழமை வாசலில் கார் வந்து நின்றதும் அம்மாவின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். "ஒன்பது வருஷமா இல்லாத பாசம் இப்ப எங்கேருந்து பொத்துக்கிட்டு வருதாம்?" என்றாள். ஆனாலும் தடுக்கவில்லை, தடுக்க முடியாது. மகளுக்குத் தலைவாரிப் பின்னும்போது வழக்கத்தைவிட இறுக்கிப் பின்னினாள்.

அப்பாவுக்குக் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை. மோதிய கார்களைச் சுற்றி வந்து, எங்கே நெளிந்திருக்கிறது, எவ்வளவு ஆழம் என்று எழுதுகிறவர். மகளையும் அப்படித்தான் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே வண்டி ஓட்டினார். என்ன படிக்கிறாய் என்றார், சொன்னாள். அதற்குமேல் இரண்டு பேருக்கும் பேச எதுவுமில்லை. லிஃப்ட்டு வேலை பார்க்கிற கட்டடத்து வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்.

லிஃப்ட்டு அவளைப் பார்த்ததும் திருப்புளியைக் கீழே போட்டுவிட்டார். "மேனேஜர்! அம்மாவுக்குத் தெரியுமா?"

"அப்பாவுக்குத் தெரியும்."

அவர் மேற்கொண்டு துருவவில்லை. ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். அன்றைக்கு அவள் ஏழு பேரிடம் திட்டு வாங்கினாள். அத்தனை சந்தோஷமாக அவள் எப்போதும் திட்டு வாங்கியதில்லை.

நான்காம் சனிக்கிழமையும் இதே ஏற்பாடு. ஆனால் அப்பாவுக்கு வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது, நாலு மணிக்கே வந்துவிட்டார். வாசலில் நிற்காமல் உள்ளே வந்து, தூண் பக்கத்தில் நின்று பார்த்தார். மகள் ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு பெரிய மனுஷியோடு வழக்காடிக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. இந்தப் பிள்ளைக்குச் சிரிக்கத் தெரியும் என்பதே அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. மேலேயிருந்து லிஃப்ட்டு குரல் கொடுத்தார்.

"கீழ யாரோ நிக்கிறாங்களே, யாரு மேனேஜர்?"

அவள் திரும்பிப் பார்த்தாள். "யாருமில்ல. என்னைக் கொண்டுவந்து விடறவரு."

வேண்டுமென்று சொல்லவில்லை. பொய்யும் சொல்லவில்லை. ஆனால் அந்த ஒரு வாக்கியத்தில் எல்லாம் கெட்டது. அப்பாவின் முகம் சுண்டிப்போனது. திரும்பி வரும்போது வழியெல்லாம் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். வீட்டு வாசலில் இறக்கிவிடும்போது, "நான் உனக்கு யாருமில்லையா?" என்றார். ஒன்பது வருஷம் கழித்துக் கேட்கிற கேள்விக்கு உடனே எப்படிப் பதில் சொல்வது?

அடுத்த மாதம் இரண்டாம் சனிக்கிழமை அப்பா புதுச் சட்டையில் வந்தார். பின் சீட்டில் பெரிய பொம்மை ஒன்று, ஆறு வயதுப் பிள்ளைக்கு வாங்குவது. கார் வேறு பக்கம் திரும்பியது.

"இது வழி இல்லையே."

"இன்னைக்கு அங்க வேண்டாம்மா. நாம வெளியில போறோம். நீயும் நானும்."

"நாம பேசினது அது இல்லையே."

"உன்னை அங்க விட்டுட்டுப் போனது என் தப்பு. நீ என் பொண்ணு. எவன்கிட்டயோ எதுக்கு உக்காந்திருக்கணும்?"

அவள் கெஞ்சினாள். மாதத்துக்கு ஒன்றாவது என்றாள். அரை நாள் என்றாள். கதவைத் திறந்து குதித்துவிடுவேன் என்றுகூடச் சொன்னாள். அவர் வண்டியை ஓரங்கட்டி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "சரி. அவர்கிட்டயே கேட்டுடுவோம். அவர் என்ன சொல்றாரோ அதுபடி."

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. லிஃப்ட்டு சொன்னால் சரியாகிவிடும். லிஃப்ட்டு விட்டுக்கொடுப்பாரா?

கட்டட வாசலில் அவளைக் காரில் உட்கார வைத்துவிட்டு அப்பா இறங்கிப் போனார். லிஃப்ட்டு கைத்துணியால் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். லிஃப்ட்டு தலையை ஆட்டினார். மறுபடி ஆட்டினார். எல்லாவற்றுக்கும் ஆட்டினார். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. ஒரு மோட்டாரைக் கழற்றுவதென்றால்கூட நாலு தடவை யோசிக்கிறவர். அப்பாவின் குரல் சின்னதாகி, கடைசியில் இரண்டு பேரும் கை குலுக்கிக்கொண்டார்கள்.

லிஃப்ட்டு காரிடம் வந்து குனிந்தார். கண் சிவந்திருந்தது.

"இனிமே அப்பாகூடப் போயிட்டு வா, என்ன? அதான் நல்லது."

"நீ என்ன சொன்னே அவர்கிட்ட?"

"என்ன சொல்றது? அவர் உன் அப்பா. நான் யாரும்மா?"

"எனக்கு வேணும்னு சொல்லேன். மேனேஜர் எனக்கு வேணும்னு. ஒரு தடவை கேட்டுப் பாரேன், லிஃப்ட்டு. அவர் இல்லைன்னாலும் பரவாயில்ல. சும்மா கேளு."

அவர் அப்பாவைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். வாய் திறந்தது. வந்துவிடும் என்று அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"அம்மாவையும் நல்லா பாத்துக்கோ" என்றார்.

அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அப்பா மேல் அல்ல. அவரிடம் அவள் எதிர்பார்த்ததே ஒரு கார்தான். ஆறு வருஷம் தன்னைத் தூக்கி வளர்த்த இந்த மனுஷன், தனக்காக இரண்டு வார்த்தை கேட்க மாட்டேன் என்கிறாரே என்றுதான். அம்மா அன்றைக்குத் துணியைப் பிரித்துப் பிரித்து மடித்ததற்கு அர்த்தம் இப்போது புரிந்தது. புரிந்து ஒன்றும் ஆகப்போவதில்லை.

"நீங்க போங்க" என்றாள் லிஃப்ட்டிடம். வாழ்க்கையில் முதல் தடவையாக அவரை நீங்க என்றாள். அவர் அடிபட்டவர் போலப் பின்னால் நகர்ந்து நின்றார்.

கார் கிளம்பியது. அப்பாவுக்குப் பாரம் இறங்கிவிட்டது, உற்சாகமாகப் பேச ஆரம்பித்தார். நல்ல மனுஷன், சொன்னதும் புரிந்துகொண்டார் என்றார். மதியம் எங்கே சாப்பிடலாம் என்றார். அடுத்த தடவை வீட்டுக்குக் கூட்டிப் போகிறேன், தங்கச்சி உன்னைப் பார்க்கணும் என்கிறாள் என்றார். "இத்தனை நாள் விட்டதுக்கெல்லாம் சேர்த்து இனிமே ஒரு சனிக்கிழமைகூட விடமாட்டேன். நீ போன் பண்ணியிருக்காட்டி எனக்குத் தோணியே இருக்காது, தெரியுமா?" என்று சொல்லிக்கொண்டே அவள் தலையைத் தடவினார்.

அவள் மடியில் பொம்மையை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டாள். மாதத்துக்கு இரண்டு, வருஷத்துக்கு இருபத்து நாலு, பதினெட்டு முடிய இன்னும் ஏழு வருஷம். நூற்று அறுபத்தெட்டு சனிக்கிழமைகள் வந்தன. அத்தனையும் அவளே போன் போட்டுக் கேட்டு வாங்கியவை.