காரை மறைக்காதே

கலங்கரை விளக்கத்தடியில் கார் நின்றதும் கணவன் மொபைலை எடுத்தான். "கொஞ்சம் தள்ளி நில்லும்மா, காரை மறைக்காத" என்றான். நர்ஸ் வேலை பார்க்கும் மனைவிக்கு அங்கேதான் சந்தேகம் முளைத்தது. கல்யாணமாகி ஆறு வருஷத்தில் ஆசையாக ஒரு படம் எடுத்துத் தராத மனுஷன், இந்த இரண்டு நாள் கோடைப் பயணத்தில் மட்டும் ஏன் இறங்கி இறங்கிப் படம் பிடிக்கிறான்?

பாறைக் குகையருகே அவளோடு காரின் இடப்பக்கம் படத்தில் விழுந்தது, மணல்மேட்டில் வலப்பக்கம். கடலுக்கு ஒரு படம்கூட இல்லை. அது அவள் சம்பளத்தில் வாங்கிய கார். டூட்டிக்கு அதை நம்பித்தான் போய்வருகிறாள்.

படகுத்துறையில் அவன் குனிந்து டயரைப் படம் எடுத்தான்.

"டயர்ல என்னங்க அப்படி அழகைக் கண்டீங்க?"

"தேயவே இல்ல பாரேன்."

"எனக்குக் காட்டறீங்களா, வாங்கப்போறவருக்கா?"

அவன் அன்று முதல் தடவையாகக் கடலைப் பார்த்தான். "பெரிய வண்டி ஒண்ணு பார்த்து வச்சிருக்கேன்... சொல்லலாம்னுதான்..." என்று இழுத்தான்.

அவள் சாவியைப் பிடுங்கிக்கொண்டு ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தாள்.

"ஏறுங்க. எதையாவது வித்தே ஆகணும்னா, அடுத்த இடத்துல உங்களை நாலு பக்கமும் படம் எடுத்துத் தர்றேன்."