இடது கண்

பஞ்சை வாளிக்குள் போட்டுவிட்டு ஏணியிலிருந்து இறங்கிய வாமதேவன், நாலு எட்டுப் பின்னால் போய் நிமிர்ந்து பார்த்தான். சிலைக்கு வலது கண் இருந்தது. இடது கண்ணைக் காணவில்லை.

அது பரிஸில் ஒரு பழைய லிசே, பெரிய வகுப்புப் பிள்ளைகளின் பள்ளிக்கூடம். ஸ்டாலின்கிராட் மெற்றோவிலிருந்து ஐந்து நிமிட நடை. ஒக்டோபர் விடுமுறைக்குப் பிள்ளைகள் போன கையோடு அதன் படிக்கட்டு மண்டபத்துக்கு வெள்ளை அடிக்கும் வேலையைச் சஞ்சீவன் எடுத்திருந்தான். சஞ்சீவனுக்கு முப்பத்தைந்து வயது. லா சப்பலில் ஒரு தேத்தண்ணிக் கடைக்கு மேலே சின்ன அறை ஒன்றில் பெயின்ற் கொம்பனி நடத்துகிறவன். வாமதேவனுக்கு ஐம்பத்திரண்டு. வயதில் மூத்தவன் கூலி, இளையவன் முதலாளி. அதனால் ஒருவரை ஒருவர் அண்ணை, தம்பி என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

மண்டபத்தில் ஆளுயரப் பீடங்களின்மேல் ஐந்து கிரேக்கச் சிலைகள். கல் அல்ல, சுண்ண மாவில் வார்த்த பிரதிகள். அவற்றையும் தூசி தட்டி, கழுவி, ஒரு கை வெள்ளை அடித்துவிட வேண்டும் என்பது சஞ்சீவனின் கட்டளை. நாலு சிலைகள் பேசாமல் வெள்ளையை வாங்கிக்கொண்டன. ஐந்தாவது ஒரு பெண். தோளுக்கு முன்னால் பின்னல்கள் தொங்க, ஒரு கையால் சேலைக் கொய்யகம் போலத் துணியைப் பிடித்துக்கொண்டு, சிரித்தும் சிரிக்காமலும் நிற்கிறாள். அவளுடைய துணி ஓரத்தில் பஞ்சு பட்டதும் பழைய சுண்ணாம்பு பொருக்குப் பொருக்காகக் கழன்றது. அடியில் பச்சைக் கரை தெரிந்தது. மேலே போனால் சிவப்பு. இன்னும் மேலே உதடு. பிறகு வலது கண், கறுப்புக் கோட்டுக்குள் மண்ணிற மணி.

வாமதேவன் பதினாலு வயதில் கோபுரங்களுக்கு வர்ணம் பூசும் ஆட்களோடு சேர்ந்தவன். பள்ளிக்கூடத்தைக் கண்டது குறைவு. நாற்பது வயதுக்குப் பிறகுதான் எழுத்துக் கூட்டப் பழகினான், தமிழையும் பிரெஞ்சையும் ஏறக்குறைய ஒரே காலத்தில். ஆனால் வர்ணத்தை அவனுக்கு யாரும் வாசித்துக் காட்டத் தேவையில்லை. இது பொழுதுபோகாதவன் அப்பிய பெயின்ற் இல்லை, வேலை தெரிந்த ஒருத்தன் நிதானமாகச் செய்தது என்று பார்த்த உடனேயே விளங்கிவிட்டது. விளங்கிய சந்தோசப் புளுகத்தில் பஞ்சை அழுத்திவிட்டான். இடது கண் சுண்ணாம்போடு சேர்ந்து வாளிக்குள் போய்விட்டது.

விட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். அடுத்த நாள் வெள்ளையை அடித்தால் எல்லாம் மூடுபட்டிருக்கும். ஆனால் கோபுர வேலையில் ஒரு வழக்கம் உண்டு. கண்தான் கடைசி. ஒரு கண்ணைத் திறந்தவன் மற்றக் கண்ணையும் திறக்காமல் சாரத்தை விட்டு இறங்கக்கூடாது. இடையில் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. ஒற்றைக் கண்ணோடு ஒரு உருவத்தை விட்டுப் போனதை அவன் கண்டதே இல்லை. சாயக் குழாய்களைத் தேடி எடுத்து மண்ணிறம் கலந்தான். மெல்லிய தூரிகையின் மயிரைச் சவர அலகால் இன்னும் மெல்லிதாக்கினான். ஏறினான். இருபது நிமிடத்தில் கண் வந்துவிட்டது. புது வர்ணம் மினுங்காதிருக்கப் படிக்கட்டுத் தூசியை விரலில் தொட்டு மேலே ஒற்றினான். கோபுரத்தில் செய்கிற மாதிரி, மணியைக் கொஞ்சம் கீழே இறக்கியும் வைத்திருந்தான். உயரத்தில் நிற்கிற உருவத்துக்கு மணியை நடுவில் வைத்தால் அது வானத்தைப் பார்க்கும். கீழே நிற்கிறவனைப் பார்க்காது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. சஞ்சீவன் வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டு படியில் குந்திவிட்டான்.

"அண்ணை, நாங்கள் வெள்ளை அடிக்க வந்தனாங்கள். கும்பாபிஷேகம் செய்ய வரேல்லை."

"ஒற்றைக் கண்ணோட விட்டிட்டு எப்பிடித் தம்பி போறது?"

"நடந்துதான். மெற்றோ அந்தா இருக்கு."

உடனே வெள்ளையை அடிக்கச் சொல்லி அவன் வாளியையும் தூரிகையையும் எடுத்துக் கையில் கொடுத்த நேரம் பார்த்து, மறந்துபோன கடதாசிக் கட்டு ஒன்றை எடுக்க அந்த லிசேயின் சரித்திர ஆசிரியை வந்துவிட்டாள். ஆனைஸ் என்று பெயர். படியில் ஏறியவள் பாதியில் நின்றாள். தூரிகையை வாமதேவனின் கையிலிருந்து மெதுவாக வாங்கிக் கீழே வைத்தாள். ஒருவரும் இதைத் தொடக்கூடாது, பழைய பொருட்களுக்குப் பொறுப்பான ஒருவரைக் கூப்பிடப் போகிறேன் என்றாள். அவர் செவ்வாய்க்கிழமைதான் வருவாராம். அதுவரை வேலையை ஒப்படைத்ததாகக் கையெழுத்துப் போட முடியாதாம்.

அவள் போனதும் சஞ்சீவன் குரலை இறக்கினான்.

"இஞ்சை பாருங்கோ அண்ணை. ரெண்டு கண்ணும் முதலே இருந்த கண்தான். நீங்கள் கழுவினீங்கள், தெரிஞ்சுது. அவ்வளவுதான். பழைய சாமானிலை கை வைச்சதெண்டு தெரிஞ்சால் எனக்கு இனி ஒரு லிசேயும் வேலை தராது. வேலை ஒப்படைபட்டால்தான் உங்கடை கொந்திராவும்."

கொந்திரா என்றால் நிரந்தர வேலை ஒப்பந்தம். வாமதேவனின் வதிவிட அட்டை முடிகிற காலம். அடுத்த வியாழக்கிழமை காலை, அட்டை கொடுக்கிற பிரிபெக்தூர் அலுவலகத்தில் அவனுக்கு ரந்தேவு, வரச்சொல்லிக் குறித்த நேரம். துண்டு துண்டான மாத வேலைக் கடதாசிகளைப் பார்த்துப் போன முறையே அங்கே இருந்த பெண் உதட்டைப் பிதுக்கினாள். இந்த முறை கையெழுத்துப் போட்ட கொந்திரா இல்லாமல் போனால் அட்டை புதுப்பிக்கிறது கஷ்டம் என்று வாயாலேயே சொல்லியிருந்தாள். அட்டை இல்லை என்றால் வேலை இல்லை. வேலை இல்லை என்றால் வில்லியே லே பெல்லில் அந்த இரண்டு அறை வீடும் இல்லை.

சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் அவனுக்குக் கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை. வீட்டில் இருந்தால் பல்கனிக்கும் குசினிக்கும் நடை. மரக்கறி வாங்கவென்று லா சப்பலுக்கு வந்தால், வாங்க வந்ததை மறந்து லிசே மட்டும் நடந்துபோய், பூட்டிய கேற்றைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தான். ஏன் இப்படி நெருப்பை மிதித்தவன் மாதிரித் திரிகிறீர்கள் என்று மனைவி பூரணி கேட்டாள். பிரிபெக்தூரை நினைத்துத்தான் என்றான். அது பாதி உண்மை.

செவ்வாய்க்கிழமை, ஆனைஸ் கூப்பிட்ட அந்தப் பழம்பொருள் ஆள் ஒலிவியே வந்தார். நரைத்த தாடி, பையில் சின்ன விளக்கு, பூதக்கண்ணாடி. ஏணியில் ஏறியவர் நெடுநேரம் இறங்கவில்லை. இறங்கியபோது முகமெல்லாம் சிரிப்பு. எல்லோருக்கும் சொல்வதுபோலவும், வாமதேவனுக்கு விளங்க வேண்டும் என்று நிதானமாகவும் பேசினார். கிரேக்கர் தங்கள் சலவைக்கல் சிலைகளுக்கு வர்ணம் பூசினவர்களாம். கோவில்களுக்கும் அப்படித்தானாம், நீலமும் சிவப்பும் பொன்னுமாய். மண்ணுக்குள் கிடந்தும் மழையில் நின்றும் வர்ணம் போக, பின்னால் வந்தவர்கள் வெறும் கல்லைக் கண்டுவிட்டு, கிரேக்கருக்கு வெள்ளைதான் பிடிக்கும் என்று தாங்களே முடிவுகட்டிக்கொண்டார்களாம். இந்தப் பெண்ணைப் போன்ற சிலைகளை அதென்ஸ் மலையில் தோண்டி எடுத்தபோது வர்ணம் இன்னும் ஒட்டியிருந்ததாம். அதைப் பார்த்து யாரோ இந்தப் பிரதிக்கும் பூசியிருக்கிறார்கள்.

அதுவரைக்கும் வாமதேவனுக்குக் கேட்கச் சந்தோசமாகத்தான் இருந்தது. கோபுரம் மாதிரி என்று சொல்ல வாய் உன்னியது. அதற்குள் ஒலிவியே இடது கண்ணுக்கு வந்துவிட்டார்.

வலது கண்ணில் மணி நடுவில் இருக்கிறது, இடதில் ஒரு இழை கீழே என்றார். தூரத்திலிருந்து பார்த்தால் அவள் எங்களையே பார்க்கிறாள். இதுதான் கிரேக்கரின் புத்தி. தூண் நேராக நிமிர்ந்து நின்றால் பார்க்கிறவன் கண்ணுக்கு நடுவில் ஒடுங்கினதுபோலத் தெரியும் என்று தூணின் நடுவைக் கொஞ்சம் புடைக்க வைத்தவர்கள் அவர்கள். கல்லை அல்ல, பார்க்கிறவனின் கண்ணை அளந்து கட்டியவர்கள். கண்மணியை இறக்கி வைத்ததை இதுவரை எங்கேயும் காணவில்லை, இதைப் பற்றி எழுதத்தான் வேண்டும் என்று சொல்லிக் கொப்பியில் கோடு கோடாகக் குறித்தார். பீடத்தின் ஓரத்தில் பாதி உடைந்த கிரேக்க எழுத்துகளையும் தடவிக் காட்டினார். பெயர் போய்விட்டது, 'செய்தான்' என்பது மட்டும் நிற்கிறது, அந்தக் காலத்துச் சிற்பிகள் தங்கள் பெயரை வெட்டி வைப்பார்கள் என்றார்.

சஞ்சீவன் வாமதேவனைப் பார்த்து மெல்லக் கண்ணடித்தான். ஒப்படைப்புக் கடதாசியில் ஒலிவியே கையெழுத்துப் போட்டார்.

ஒரு மணித்தியாலத்தில் லா சப்பல் தேத்தண்ணிக் கடையில், வடைத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, சஞ்சீவன் கொந்திராவில் கையெழுத்து வைத்தான். சொன்ன சொல்லைக் காப்பாற்றினான், பாவம். கடதாசியை மடிக்காமல் பிளாஸ்ரிக் உறைக்குள் வைத்து நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வாமதேவன் கார் து நோர் ரயில் நிலையத்துக்கு நடந்தான். வழியில் பூரணி போன் எடுத்தாள். கையெழுத்து வைத்தாச்சா என்றாள். ஓம் என்றான். பிள்ளையாருக்கு மோதகம் அவிக்கப்போவதாகச் சொன்னாள்.

வில்லியே லே பெல் போகிற ரயில் வந்து நின்றது. கதவு திறந்தது. அவன் ஏறவில்லை. அடுத்ததும் வந்தது, போனது. பிளாற்போமின் இந்தத் தலைக்கும் அந்தத் தலைக்கும் நடந்தான். பொய் சொன்னது அவனை உறுத்தவில்லை. பொய் சொல்லாமல் பரிஸுக்கு வந்து சேர்ந்தவன் யார்? வேறொன்று குடைந்தது. முப்பத்தெட்டு வருடம் வர்ணம் பூசியிருக்கிறான். ஒரு கண்கூட அவனைத் திறக்க விட்டதில்லை, அது எப்போதும் தலைமை ஆளின் வேலை. முதன்முதலாகத் திறந்த கண்ணைத் தூக்கி எவனோ ஒரு கிரேக்கன் கையில் கொடுத்தாயிற்று. அவனுக்குத்தான் தூண் இருக்கிறதே, கோவில் இருக்கிறதே, இதுவும் வேணுமா? அந்தத் தாடிக்காரர் அதை எழுதுவார். ஆனைஸ் அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பாள். பிள்ளைகள் அதைச் சோதனையில் எழுதிப் புள்ளி எடுப்பார்கள்.

மூன்றாவது ரயில் வருமுன்னர் அவன் படியேறி வெளியே வந்துவிட்டான்.

லிசே மண்டபத்தில் ஒலிவியே படம் எடுத்துக்கொண்டிருந்தார், ஆனைஸ் விளக்குப் பிடித்தாள். வாமதேவனுக்கு மூச்சு வாங்கியது. தெரிந்த பிரெஞ்சில், இடது கண் நான், போன வியாழக்கிழமை என்றான். ஒலிவியே சிரித்தபடி, நீங்கள்தான் அதை வெளியே கொண்டுவந்தீர்கள், தெரியும், நன்றி என்றார். இல்லை, கொண்டுவரவில்லை, செய்தேன் என்றான் வாமதேவன். அவர் நம்பவில்லை. ஆனைஸிடம் ஒரு பென்சில் வாங்கினான். கடதாசி தேட நேரமில்லை. தான் மூன்று கோட் பெயின்ற் அடித்து இழைத்த சுவரிலேயே, கண் மட்டத்தில், அதே கண்ணைக் கீறினான். மேல் இமை, கீழ் இமை, ஒரு இழை இறங்கிய மணி. ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை.

ஒலிவியே சுவரைப் பார்த்தார், சிலையைப் பார்த்தார். சிரிப்பு வடிந்தது. கொப்பியை மூடினார். ஆனைஸ் வாயைப் பொத்திக்கொண்டாள், சிரிப்போ துக்கமோ தெரியவில்லை.

"ஏன் கீழே வைத்தீர்கள்?" என்று அவள்தான் கேட்டாள்.

கோபுரம் என்பதற்கு அவனிடம் பிரெஞ்சு இல்லை. உயரமான கோவில், எங்கள் ஊரில், மேலே நிறையப் பேர் நிற்பார்கள், கீழே ஆட்கள் வருவார்கள், அவர்கள் இவர்களைப் பார்க்க வேண்டும் என்று கையையும் காலையும் துணைக்குச் சேர்த்துச் சொன்னான். ஒலிவியே கேட்டுக்கொண்டுதான் இருந்தார். பிறகு, கொஞ்சம் கடுமையாகவே, அந்தக் கண்ணை எடுக்க வேண்டி வரும், அதற்குரிய ஆள் வந்து முடிவு செய்வார், தான் போட்ட கையெழுத்தையும் திருத்த வேண்டும் என்றார். சிலையின் கோப்பில் வைக்க, என்ன வர்ணம், எந்த நாள், எதற்காக என்று எழுதித் தரச் சொன்னார். சொல்லிவிட்டு, மண்டபத்தின் மறுகரைக்குப் போய்ச் சஞ்சீவனுக்குப் போன் எடுத்தார்.

வாமதேவன் படியில் இருந்து எழுதினான். எழுத்து எழுத்தாகத்தான் வந்தது. எதற்காக என்ற இடத்தில் நெடுநேரம் நின்றான். 'ஒரு கண்ணோடு விடக்கூடாது' என்பதைப் பிரெஞ்சில் எழுதி முடிக்குமுன் அவனுடைய போன் அடிக்கத் தொடங்கிவிட்டது. முற்றுப்புள்ளி வைத்த பிறகே எடுத்தான்.

"உங்களுக்கு விசரே அண்ணை? ஆர் கேட்டது உங்களை?"

"ஒருத்தரும் கேக்கேல்லைத் தம்பி."

"அந்தக் கொந்திராவைத் திருப்பிக் கொண்டுவாங்கோ. இப்பவே."

வாமதேவன் பிளாஸ்ரிக் உறையை மடியில் வைத்து அழுத்திக்கொண்டான்.

"வியாழக்கிழமை ரந்தேவு முடிய உம்மடை விருப்பம். நிப்பாட்டுறதெண்டால் வெள்ளிக்கிழமை நிப்பாட்டும், நான் வாய் திறக்கமாட்டன். அதுக்கு முதல் இது என்ரை கையிலைதான் இருக்கும்."

போனுக்குள் தேத்தண்ணிக் கடை இரைந்தது.

"நாளைக்கு?" என்றான் சஞ்சீவன் கடைசியாக.

"நாளைக்கு வரத்தானே வேணும். சுவரிலை ஒரு கண் கீறிப்போட்டன். ஒரு கோட் அடிச்சு மூடவேணும்."

சஞ்சீவன் நீளமாக மூச்சு விட்டான்.

"அந்தக் கோட்டுக்குச் சம்பளம் இல்லை. எட்டு மணிக்கு நில்லுங்கோ."