இரண்டு நாள் காவல்

சன்மதி கொண்டுபோன நோட்டைப் பார்த்ததும் ஜெசிந்தாவின் முகம் மலர்ந்தது. எட்டு வயதிலிருந்து, விடிந்ததும் வீட்டு விளக்கடியில் செத்துக் கிடக்கும் பூச்சிகளைப் பொறுக்கி, தேதியும் நிறமும் அளவும் குறித்துவைத்த நோட்டு. மல்லாட்டை என்கிற வேர்க்கடலை வயல்களில் சுருள்பூச்சி ஏன் பருவம் தப்பி வருகிறது என்று ஆராயும் திட்டத்துக்கு ஜெசிந்தா தலைவி. உதவியாளர் வேலைக்கான நேர்காணல், திண்டிவனத்தில்.

பக்கங்களைப் புரட்டிக்கொண்டே வந்தவர் நிமிர்ந்தார்.

"எல்லாமே தானா செத்ததாம்மா? இங்க உயிரோட புடிச்சி, மருந்து பாட்டில்ல போட்டு அடைக்கணும். ஒரு நாளைக்கி நூறு எரநூறு ஆவும். உன்னால முடியுமா?"

சன்மதி நோட்டை வாங்கி மூடினாள். யோசித்துத் திங்கட்கிழமைக்குள் சொல்லும்படி ஜெசிந்தா அனுப்பிவைத்தார்.

விழுப்புரத்தில் விலங்கியல் படித்த ஐந்து வருஷமும் அவள் ஆசைப்பட்ட வேலை இதுதான். ஆனால் மேல்சித்தாமூரில் அவர்களுடையது சமணக் குடும்பம். இருட்டில் சோற்றோடு பூச்சி போய்விடுமோ என்று பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிப்பவர்கள். போதாததற்கு, அப்பா ஜீவகன் ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கும் கதை வேறு இருந்தது. மல்லாந்து கிடந்த கருவண்டு ஒன்றை எறும்பு அண்டாமல் இரண்டு நாள் காவல் காத்த எட்டு வயது மகளின் கதை. என்ன ஜீவகாருண்யம் பாருங்கள் என்று முடிப்பார். அந்தக் கதையை நம்பித்தான் விலங்கியல் படிக்கவே அனுப்பினார்.

செஞ்சி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து சன்மதி அந்த வண்டையே நினைத்துக்கொண்டு வந்தாள். ஒரு விரலால் புரட்டிவிட்டிருந்தால் பிழைத்திருக்கும். அது அவளுக்கு அப்போதே தெரியும். அது கால்களை உதைக்க உதைக்க, ஒவ்வொரு காலிலும் எத்தனை மடிப்பு என்று எண்ணிக்கொண்டிருந்தாள். இரக்கம் இல்லாமல் இல்லை. இரக்கத்தைவிடப் பெரிதாக வேறொன்று உள்ளே உட்கார்ந்திருந்தது. பதினைந்து வருஷமாக அதற்கு அவள் பெயர் வைக்கவில்லை. அப்பா வைத்த பெயரே சௌகரியமாக இருந்தது.

வீட்டு வாசலில் அப்பா, காயப்போட்ட மல்லாட்டையைக் காலால் துழாவிக்கொண்டிருந்தார். பையை இறக்கிவைக்காமலே வேலையைப் பற்றிச் சொன்னாள். பாட்டிலைப் பற்றியும் சொன்னாள். அவர் முகம் சுருங்கியது. வண்டுக்குக் காவல் இருந்த பெண்ணா இப்படிக் கேட்பது என்றார்.

"நான் காவல் இருக்கலப்பா. அது எப்ப சாவும்னு பாத்துக்கினு இருந்தேன். எறும்ப தள்ளிவிட்டதுகூட, கால் ஒடையாம முழுசா எனக்கு வேணும்னுதான்."

"அந்த வயசுல உனக்கு என்னா தெரியும்?"

"தெரியும்ப்பா."

அவர் வாசலின் கோடிவரை துழாவிக்கொண்டே போய்த் திரும்பி வந்தார்.

"மல்லாட்டைக்கி மருந்தடிக்க ஆள் விடறேன் இல்ல, அன்னிக்கி வயிறு சரியில்லன்னு ஒருவேள சோறு துன்ன மாட்டேன். உங்கம்மாவுக்கே தெரியாது." கொஞ்சம் நிறுத்தினார். "நான் பட்டினி கெடந்தா மட்டும் பூச்சி பொழச்சிடுதா?"

சன்மதி அவரையே பார்த்தாள். அம்மா அந்த நாட்களில் ஓமத்தண்ணீர் கொதிக்கவைத்துக் கொடுத்ததும், அவர் முகம் சுளிக்காமல் குடித்ததும் இப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

"போறதுன்னா போ. போவாதன்னு சொல்ல எனக்கு வாயில்ல. ஆனா அந்த வண்டு கதைய இனிமே யாரு கிட்டயும் சொல்ல மாட்டேன்."

திட்டுவார் என்று நினைத்திருந்தாள். திட்டியிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது. அந்த வலியோடுகூடவே, நெடுநாள் இறுக்கிக் கட்டியிருந்த ஒன்று தளர்ந்ததுபோலவும் இருந்தது. இரண்டில் எது உண்மையானது என்று அவள் ஆராயவில்லை. திங்கட்கிழமை வரை காத்திராமல் உள்ளே போய் ஜெசிந்தாவைப் போனில் கூப்பிட்டாள்.

"நல்லா யோசிச்சியாம்மா? அப்புறம் அழுதுக்கினு ஓடக்கூடாது."

"அழுதாலும் அழுவேன் மேடம். எண்ணிக்கைய தப்பா எழுத மாட்டேன்."

ஜெசிந்தா அவளைத் திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கெல்லாம் வந்துவிடச் சொன்னார். வயலில் நிழல் கிடையாது, தொப்பி எடுத்துவர வேண்டும் என்றார்.